சொந்த எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் சம்பள இன்ஸ்ட்ரக்டரை வைத்துப் பழகலாமா? லோடா கடிதம் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: டெக்சஸில் வசிக்கும் ஒருவர் செஸ்னா 172-இல் பழகித் தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறார். வேறொருவர் கிட் வாங்கி வீட்டு கராஜில் கட்டிய ஆர்வி-7ஏ என்ற சிறிய விமானம் ஒன்றை இப்போது விலை பேசிக்கொண்டிருக்கிறார். அதில் இன்ஸ்ட்ரக்டரை வைத்துப் பழக வேண்டுமென்றால் ‘லோடா’ என்ற விலக்குக் கடிதம் கட்டாயம் என்கிறார் ஹாங்கர்காரர் (விமானக் கொட்டகை வைத்திருப்பவர்). அதெல்லாம் போய்விட்டது என்கிறார் இன்னொரு நண்பர். யார் சொல்வது சரி? கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, அதனால் சிக்கல் வருமா?

உங்கள் ஹாங்கர்காரர் 2021-இலேயே நின்றுவிட்டார். நண்பர் 2022-இல் நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார். உங்கள் நிலைமைக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால், லோடா வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் விமானத்தில் வெளியிலிருந்து ஒரு இன்ஸ்ட்ரக்டரை அழைத்து, அவர் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்து, தாராளமாகப் பழகலாம். ஆனால் நீங்கள் பழக வேண்டிய முதல் விமானம் உங்களுடையது இல்லை என்பது என் கருத்து. அதற்கு லோடா வைத்திருக்கும் ஒருவரைத்தான் தேடிப் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

விமானத்தைப் பார்க்கப் போகும்போது உள்ளே ஓர் இளஞ்சிவப்புத் தாள் இருக்கும். அதுதான் சிறப்பு வான்தகுதிச் சான்றிதழ். செஸ்னாவில் இருப்பது வெள்ளைத் தாள். ஏறும் இடத்தருகே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று குறைந்தது 2 அங்குல உயர எழுத்தில் எழுதியிருக்கும். டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கைப் பலகையும் உண்டு: இது அமெச்சூர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்கான மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்று. ஒருவர் பாதிக்கு மேல் தன் கையால், படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டினால் போதும், அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏ இந்தச் சலுகையைக் கொடுத்துவிடும். 51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சலுகைக்குப் பதிலாக ஒரு கட்டுப்பாடு: இந்த விமானத்தில் ஆளையோ பொருளையோ கூலிக்கு ஏற்றக்கூடாது. விதி எண் 91.319. எதுவும் தெரியாத பொதுமக்களிடம் டிக்கெட் போட்டு இதில் ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். நியாயமான நோக்கம்தான்.

சரி, இன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கும் கட்டணம் ‘கூலிக்கு ஆள் ஏற்றுவது’ ஆகுமா? பல வருடங்களாக யாரும் அப்படி நினைக்கவில்லை. அவர் வாங்குவது கற்றுக்கொடுத்ததற்கான சம்பளம், விமானம் உங்களுடையது, அவர் யாரையும் எங்கும் ‘ஏற்றிச் செல்லவில்லை’ என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எஃப்ஏஏ தன் அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்த வழிகாட்டியும் அப்படித்தான் சொன்னது. தன் விமானத்தை வைத்துப் பலருக்கும் காசுக்குக் கற்றுக்கொடுக்க நினைப்பவர் மட்டும் விதியிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு கடிதம் வாங்க வேண்டும். அந்த விலக்குக் கடிதத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் லோடா.

இதைக் குழப்பியது ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் நடந்த ஒரு வழக்கு. வார்பேர்ட் அட்வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து பி-40 போர் விமானத்தில் காசுக்குப் பயிற்சி கொடுத்துவந்தது. 2020-இல் எஃப்ஏஏ அதை நிறுத்தச் சொன்னது. அந்த விமானம் எக்ஸ்பெரிமென்டல்கூட இல்லை, ‘லிமிடெட்’ என்ற வேறு வகை. ஆனால் இரண்டு வகைக்கும் விதியின் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். நிறுவனம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஏப்ரல் 2 அன்று மனு தள்ளுபடி. நீதிமன்றத்தின் வாதம் மிக எளிமையானது: மாணவரும் ஓர் ஆள்தான், பறக்கும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏற்றிச் செல்லப்படுகிறார், அதற்குக் காசு கொடுக்கிறார், எனவே இது கூலிக்கு ஆள் ஏற்றுவது. முடிந்தது.

இந்த வரியை எஃப்ஏஏ அதன் கடைசி முனைவரை இழுத்தது. 2021 ஜூலை 12 அன்று ஒரு அறிவிப்பு வந்தது. எங்கள் பழைய வழிகாட்டி விதியோடு ஒத்துப்போகவில்லை, எனவே சொந்த எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் இன்ஸ்ட்ரக்டரை வைத்துப் பழகுபவருக்கும் லோடா வேண்டும் என்றது அது. நம் வீட்டுக் கிணற்றில் பிள்ளைக்கு நீச்சல் சொல்லித்தர ஒருவரைக் கூப்பிட்டால், பஞ்சாயத்து ஆபீசில் சீட்டு வாங்கிக்கொண்டு வா என்பதுபோல. மின்னஞ்சலில் நாலு விவரம் அனுப்பினால் கடிதம் சீக்கிரம் வந்துவிடும் என்று வழியை எளிதாக்கினார்கள். உண்மையிலேயே சீக்கிரம் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிற கடிதம் எந்தப் பாதுகாப்பைக் கூட்டுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹாங்கர்களில் அந்தக் கோடை முழுக்க வேறு பேச்சே இல்லை. இஏஏ, ஏஓபிஏ என்ற இரண்டு விமானிகள் சங்கங்களும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டின.

2022 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான ராணுவச் செலவு அங்கீகாரச் சட்டத்துக்குள் 5604 என்ற ஒரு பிரிவைச் சொருகினார்கள். டாங்கியும் நீர்மூழ்கியும் நிறைந்த சட்டத்துக்கு நடுவில் நம் கராஜ் விமானம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இது சகஜம். அந்தப் பிரிவு சொல்வது: மூன்று நிபந்தனைகளும் சரியாக இருந்தால் விமானம் வைத்திருப்பவருக்கும் வேண்டாம், இன்ஸ்ட்ரக்டருக்கும் வேண்டாம் லோடா. 2024 டிசம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதி 91.326-இல் இதையே எஃப்ஏஏ தன் புத்தகத்திலும் ஏற்றிக்கொண்டது. லிமிடெட் வகைக்கும் அதே சலுகையை நீட்டியது.

முதல் நிபந்தனை: பயிற்சியும் விமானமும் ஒரே இன்ஸ்ட்ரக்டரிடமிருந்து வரக்கூடாது. நீங்கள் ஆர்வி வாங்கும் அந்த மனிதரே இன்ஸ்ட்ரக்டராக இருந்து, விற்பதற்கு முன் என் விமானத்தில் பத்து மணிநேரம் சொல்லித்தருகிறேன், இத்தனை டாலர் கொடுங்கள் என்றால் அங்கே லோடா வேண்டும். விமானம் உங்கள் பெயருக்கு மாறிய மறுநாள் அதே மனிதர், அதே இருக்கை, அதே கட்டணம் என்றால் வேண்டாம். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கோடு போட்டிருக்கும் இடம் அது.

இரண்டாவது: விமானத்தைப் பயிற்சிக்குக் கிடைக்கும் என்று யாரும் விளம்பரம் செய்யக்கூடாது, பொதுவாக எல்லோருக்கும் என்று அழைப்பு விடவும் கூடாது. இன்ஸ்ட்ரக்டர் தன்னைப் பற்றி விளம்பரம் செய்யலாம். ‘ஆர்வி விமானங்களில் பயிற்சி தருவேன், உங்கள் விமானத்தைக் கொண்டுவாருங்கள்’ என்பதில் தவறில்லை. ‘என் ஆர்வியில் வந்து பழகுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தவறு. ஏர்போர்ட் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் துண்டுக் காகிதமும் விளம்பரம்தான்.

மூன்றாவது: அந்தக் குறிப்பிட்ட பயிற்சிப் பறப்புக்காக விமானத்தைக் கொடுத்ததற்கு யாரும் லாபம் பார்க்கக்கூடாது. வைத்திருக்க, ஓட்ட, பராமரிக்க ஆகும் செலவை வாங்கிக்கொள்ளலாம். நண்பர் தன் விமானத்தைக் கொடுக்கிறார், நீங்கள் பெட்ரோல் போடுகிறீர்கள், எண்ணெய்க்கும் ஹாங்கர் வாடகைக்கும் உங்கள் பங்கைக் கொடுக்கிறீர்கள், இன்ஸ்ட்ரக்டர் மூன்றாம் ஆள். இது செல்லும். நண்பர் ஊரில் நடக்கும் வாடகையைப் பார்த்து மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்து, அதில் மிச்சம் பிடித்தால் செல்லாது. எவ்வளவு செலவு, எவ்வளவு வாங்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேள்வி வரும் நாளில் அந்த நோட்டு மட்டும்தான் பேசும்.

இந்த நிபந்தனைகள் பயிற்சிக்கு மட்டுமல்ல, செக்கிங்கிற்கும் தேர்வுக்கும் சேர்த்துத்தான். அதாவது 24 மாதத்துக்கு ஒருமுறை வரும் ஃப்ளைட் ரிவ்யூவையும் உங்கள் ஆர்வியிலேயே முடித்துக்கொள்ளலாம். உரிமத் தேர்வு என்றால் மட்டும் ஒரு சின்னக் குறிப்பு: வழக்கமான சான்றிதழ் இல்லாத விமானத்தைக் கொண்டுவந்தால் ஏற்பதும் மறுப்பதும் தேர்வாளர் விருப்பம். நாள் குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் இன்று லோடா யாருக்கு? தன் விமானத்தையும் தன் பயிற்சியையும் சேர்த்து விற்பவருக்கு. பறக்கத் திட்டமிட்ட தேதிக்குக் குறைந்தது 60 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். என்ன செய்யப்போகிறார், ஏன் செய்கிறார், பாதுகாப்பு எந்த விதத்தில் குறையாது என்று விளக்க வேண்டும். ஆர்வி போன்ற ஒரு வகைக்கு மாறுபவர்களுக்கான பயிற்சி, சான்றளித்த விமானமே அரிதாக இருக்கும் ஜைரோப்ளேன் பயிற்சி, இவைதான் பெரும்பாலும். நாடு முழுக்கத் தேடினாலும் ஆர்விக்குக் கொஞ்சம் பேர்தான் கிடைப்பார்கள். உங்களுக்கு ஒருவரைப் பிடிக்க ஒரு விமான டிக்கெட்டும் இரண்டு இரவு மோட்டலும் செலவாகும். போங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? சட்டப்படி பார்த்தால் ஆர்வி-7ஏ-க்கு உங்களுக்குக் கூடுதலாக இன்ஸ்ட்ரக்டரின் அனுமதிக் கையெழுத்து ஒன்றுகூடத் தேவையில்லை. மூக்குச் சக்கரம் இருப்பதால் டெயில்வீல் கையெழுத்து வேண்டாம். எஞ்சின் வழக்கமாக 200 குதிரைத்திறனைத் தாண்டாது என்பதால் ஹை பெர்ஃபார்மன்ஸ் கையெழுத்து வேண்டாம். சக்கரம் உள்ளிழுக்காது, அதனால் காம்ப்ளெக்ஸும் இல்லை. காசைக் கொடுத்துச் சாவியை வாங்கி, ஒரு மணிநேரப் பயிற்சிகூட இல்லாமல் தனியாக வீட்டுக்கு ஓட்டி வருவது முழுக்கச் சட்டபூர்வம். 2021-இல் அதே மனிதர் லோடா இல்லாமல் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டரை உட்காரவைத்துக் காசு கொடுத்தால்தான் குற்றம். அந்த அறிவிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் போகாததற்கு இதுதான் காரணம்.

தனியாக ஓட்டி வருபவர்களுக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பொது விமானத் தொகுப்பில் இவை ஏறத்தாழ 10 சதவீதம். 2011-இல் நடந்த விபத்துகளில் சுமார் 15 சதவீதம், உயிர்ப்பலி விபத்துகளில் 21 சதவீதம் இவற்றின் பங்கு. அதைவிட முக்கியமான வரி: அந்த ஆண்டு விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களில் பாதிக்கு மேல் ஓட்டியவர் கட்டியவை அல்ல, செகண்ட் ஹேண்டாக வாங்கியவை. புது உரிமையாளர் முதன்முதலாக எடுத்த பறப்பிலேயே விழுந்தவையும் உண்டு. கட்டியவருக்குத் தன் விமானத்தின் ஒவ்வொரு கம்பியும் தெரியும். வாங்கியவருக்குப் பெயின்ட்தான் தெரியும்.

உள்ளே உட்கார்ந்து பார்ப்போம். செஸ்னா 172-இல் எரிபொருள் சுவிட்ச் ‘போத்’ என்ற இடத்தில் இருக்கும், நீங்கள் அதைத் தொட்டே பழகியிருக்க மாட்டீர்கள். ஆர்வியில் ‘போத்’ கிடையாது. இடம், வலம், அவ்வளவுதான். அரைமணிக்கு ஒருமுறை கை தானாக அங்கே போகும் பழக்கம் இல்லாவிட்டால், ஒரு டேங்க் நிறைய பெட்ரோலோடு எஞ்சின் நின்றுபோகும். அப்புறம் தரையில் ஓடும்போது: மூக்குச் சக்கரம் பெடலோடு இணைந்திருக்காது, தானாகச் சுழலும். ஒரு பக்க பிரேக்கை அழுத்தித்தான் திருப்ப வேண்டும். முதல் பத்து நிமிடம் குடித்தவர் நடைபோல இருக்கும். அந்த மூக்குச் சக்கரக் கால் மென்மையானதும்கூட. கரடுமுரடான புல்தரையில் மூக்கை அழுத்தி இறங்கினால் கால் மடிந்து விமானம் குப்புறக் கவிழ்ந்த கதைகள் நிறைய. ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்து, மூக்கை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் தூக்கியே வைத்திருக்கப் பழக வேண்டும்.

ஸ்டால், அதாவது வேகம் குறைந்து இறக்கை விமானத்தைத் தாங்காமல் விட்டுவிடுவது, அந்த விஷயத்தில் இன்னும் கவனம். செஸ்னா ஸ்டால் ஆகும் முன் ஹார்ன் அழும், உடம்பு குலுங்கும். பல ஆர்விகளில் ஹார்னே இல்லை, குலுக்கலும் குறைவு, சட்டென்று விடும். செஸ்னா 110, 120 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் போகும் இடத்தில் இது 160-ஐத் தாண்டும் என்பதால் ஏர்போர்ட்டை நெருங்கும்போது உங்கள் மூளை இரண்டு மைல் பின்னால் வந்துகொண்டிருக்கும். இதெல்லாம் கஷ்டம் இல்லை. தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஐந்தாறு மணிநேரத்தில் பழகிவிடும், அதன்பின் செஸ்னாவைத் திரும்பித் தொடப் பிடிக்காது. தெரியாதவர் பக்கத்தில் இருந்தால், அவரும் உங்களோடு சேர்ந்து பழகிக்கொண்டிருப்பார். அதனால்தான் முதலில் லோடாக்காரரின் ஆர்வி, பிறகு உங்கள் ஆர்வியில் உள்ளூர் இன்ஸ்ட்ரக்டர் என்கிறேன். இன்சூரன்ஸ்காரர்களும் பெரும்பாலும் அந்த வகை தெரிந்த இன்ஸ்ட்ரக்டரோடு இத்தனை மணிநேரம் என்று எழுதிக் கேட்பார்கள். எஃப்ஏஏ கேட்காததை அவர்கள் கேட்டுவிடுகிறார்கள்.

காகிதங்களுக்கு வருவோம். இளஞ்சிவப்புத் தாளோடு சேர்ந்து ‘ஆப்பரேட்டிங் லிமிட்டேஷன்ஸ்’ என்று சில பக்கங்கள் இருக்கும். விமானத்துக்கு விமானம் வேறு. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும், லாக்புக்கைக்கூட அடுத்ததாகத்தான். முதல் கட்டச் சோதனைப் பறப்பு, வழக்கமாக 25 அல்லது 40 மணிநேரம், முடிந்ததாகக் கட்டியவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாரா பாருங்கள். அது முடியாத விமானத்தில் பறப்புக்கு அவசியமானவரைத் தவிர வேறு ஆள் ஏறக்கூடாது, பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு பொறி உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தில் புரொப்பல்லர் வகையை மாற்றுவது போன்ற பெரிய மாற்றம் செய்தால் விமானம் மறுபடி சோதனைக் கட்டத்துக்குப் போய்விடும், குறைந்தது 5 மணிநேரத்துக்கு. விற்கும் முன் ‘சும்மா புது புரொப்பல்லர் போட்டேன்’ என்று பெருமையாகச் சொல்பவரிடம், அதன்பின் லாக்புக்கில் எழுதிய பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன் செய்ய வேண்டும். கட்டியவருக்கு அதற்கான ரிப்பேர்மேன் சான்றிதழ் இருந்திருக்கும். அது விமானத்தோடு உங்களுக்கு வராது. நீங்கள் ஒரு ஏ&பி மெக்கானிக்கை, அதாவது விமான உடலுக்கும் எஞ்சினுக்கும் சான்றிதழ் உள்ளவரைப் பிடிக்க வேண்டும், அதுவும் வீட்டில் கட்டியதைத் தொடச் சம்மதிக்கும் மெக்கானிக்கை. விலை பேசும்போதே ஆளைப் பார்த்து வையுங்கள்.

கிரீன் கார்டு விஷயம். எச்1பி-யில் இருப்பவர்கள் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது. அமெரிக்காவில் விமானத்தைத் தன் பெயரில் பதிவு செய்ய அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். எச்1பி-யில் இருப்பவர் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் டிரஸ்டியாக இருக்கும் டிரஸ்ட் வழியாகப் பலர் செய்கிறார்கள், வருடக் கட்டணம் உண்டு. டிரஸ்ட் பெயரில் இருந்தால் லோடா சலுகை போய்விடுமா என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளிலும் பழகுபவர்தான் உரிமையாளர் என்ற வார்த்தை இல்லை. இன்ஸ்ட்ரக்டர் விமானத்தைக் கொண்டுவரக் கூடாது, விளம்பரம் கூடாது, லாபம் கூடாது, அவ்வளவே. டிரஸ்ட் பத்திரத்தை எழுத மட்டும் விமான விவகாரம் தெரிந்த வக்கீல் வேண்டும், வீடு வாங்கும்போது வந்தவர் போதாது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏ-வின் பாதுகாப்புச் சோதனை வேறு. வெளிநாட்டுக் குடிமக்கள் முதல் உரிமத்துக்கும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும், இரட்டை எஞ்சினுக்கும் பயிற்சி தொடங்கும் முன் அதில் தேற வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே தனியார் விமானி உரிமம் இருப்பதால் ஆர்விக்கு மாறும் பயிற்சிக்கு அது தடையாக வராது. அடுத்த வருடம் அதே ஆர்வியில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தொடங்கினால் வரும்.

இதையும் சிலர் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: 2025-இல் வந்த மொசைக் விதிக்கும் லோடாவுக்கும் நேரடித் தொடர்பில்லை. 2025 அக்டோபர் 22 முதல், ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) விரிக்காத ஸ்டால் வேகம் 59 நாட் அளவுக்குள் இருக்கும் விமானங்களை ஸ்போர்ட் பைலட் உரிமத்தில் ஓட்டலாம். ஆர்விகளில் பல அந்த வரம்புக்குள் வரும். உங்கள் உரிமத்துக்கு அதனால் மாறுவது ஒன்றுமில்லை.

கடைசியாக, விற்பவரிடம் கேட்க ஒரு கேள்வி. வலப்பக்க இருக்கையில் பிரேக் பெடல் இருக்கிறதா? ஆர்வி கிட்டில் அது கூடுதல் காசு, பலர் போடாமல் விட்டுவிடுவார்கள். திருப்புவதே பிரேக்கில்தான் என்று சொன்னேன் அல்லவா. வலப்பக்கம் பிரேக் இல்லாத ஆர்வியில் ஏற உள்ளூர் இன்ஸ்ட்ரக்டர்களில் பாதிப்பேர் மறுத்துவிடுவார்கள், மீதிப் பேர் உங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.